டாவின்சி ரிசால்வில் வீடியோ கொலாஜ்: கட்டம் போடுவது எளிது, சேர்ந்திசைக்க வைப்பதுதான் வேலை

ஒரே திரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காட்சியை ஓடவிடும் வீடியோ கொலாஜ், கொரோனா ஊரடங்குக் காலத்தில் வேறு வழியில்லாமல் பரவிப் பின்னர் நிரந்தரமாகவே தங்கிவிட்ட வடிவம். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கலைஞர்கள் அவரவர் வீட்டிலிருந்து வாசித்து அனுப்பும் பாட்டு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் மணிவிழா வாழ்த்து, பல கோணங்களில் எடுத்த நாட்டியப் பதிவு என்று இதற்கான தேவை இன்றும் குறையவில்லை. இந்த வேலைக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பும், அதிலுள்ள ‘வீடியோ கொலாஜ்’ என்னும் எஃபெக்டும் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன். கட்டம் போடும் வேலையில் இதற்கு இணையான இலவசக் கருவியை நான் பார்க்கவில்லை; ஆனால் கொலாஜில் கட்டம் போடுவது கால்பங்கு வேலைதான், மீதி முக்கால்பங்கை எந்த எஃபெக்டும் செய்து தராது என்பதே என் கருத்து.

டாவின்சி என்பது முதலில் திரைப்படங்களுக்கு நிறத்திருத்தம் செய்யும் கருவியின் பெயர். இலட்சக்கணக்கான டாலர் விலையில், பெரிய ஸ்டூடியோக்களில் மட்டுமே இருந்த அந்த அமைப்பை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009இல் வாங்கி, சில ஆண்டுகளிலேயே சாதாரணக் கணினியில் ஓடும் மென்பொருளாக்கி, ஒரு பதிப்பை இலவசமாகவும் தரத் தொடங்கியது. இன்று எடிட்டிங், ஒலி, கிராஃபிக்ஸ், நிறம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே மென்பொருளுக்குள் தனித்தனிப் பக்கங்களாக இருக்கின்றன. வீடியோ கொலாஜ் எஃபெக்ட், 2020 நவம்பரில் முன்னோட்டமாக வெளிவந்த 17ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது.

அதற்கு முன்பு இதையே கையால் செய்துகொண்டிருந்தோம்; அந்த முறையைத் தெரிந்துகொள்வது இன்றும் பயன்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920க்கு 1080 பிக்சல் அளவுள்ள டைம்லைனில், அதாவது காட்சிகளை அடுக்கும் பகுதியில், நான்கு கிளிப்புகளை (காட்சித் துண்டுகளை) ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு டிராக்குகளில் (அடுக்குகளில்) வைத்து, இன்ஸ்பெக்டர் என்னும் அமைப்புப் பலகத்தில் ஒவ்வொன்றின் ஜூம் அளவையும் 0.5 ஆக்கி, கிடைமட்ட இடத்தை 480 அல்லது கழித்தல் 480 எனவும், செங்குத்து இடத்தை 270 அல்லது கழித்தல் 270 எனவும் கொடுத்தால், நான்கும் நான்கு மூலைகளில் இடைவெளியின்றிப் பொருந்திவிடும். நான்கு வரையில் இது போதும். கட்டங்களுக்கு நடுவே இடைவெளி, வட்டமான முனைகள், மெல்லிய கரை, நிழல் ஆகியவை வேண்டும் என்று கேட்டுவிட்டால், ஒவ்வொரு கிளிப்பிலும் தனித்தனியாகக் கணக்குப் போட்டே நேரம் போய்விடும். வீடியோ கொலாஜ் எஃபெக்ட் நம்மை விடுவிப்பது இந்தக் கணக்கிலிருந்துதான்.

எடிட் பக்கத்தின் எஃபெக்ட்ஸ் பட்டியலில் தேடி எடுத்து ஒரு கிளிப்பின்மேல் இழுத்துப் போட்டதும், இன்ஸ்பெக்டரின் எஃபெக்ட்ஸ் பகுதியில் இதன் அமைப்புகள் வரிசையாகத் திறக்கின்றன. அவற்றில் முதலில் இருக்கும் ‘வொர்க்ஃப்ளோ’ என்னும் தேர்வைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனால் குழப்பம் மட்டுமே மிஞ்சும். ‘கிரியேட் பேக்ரவுண்ட்’, ‘கிரியேட் டைல்’ என்று அதில் இரண்டு வழிகள் உள்ளன. பெயர்களைப் பார்த்தால் ஒன்று பின்னணிக்கும் மற்றொன்று கட்டத்துக்கும் என்று தோன்றினாலும், இரண்டுமே முழு கொலாஜையும் செய்யும் இருவேறு வழிமுறைகள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதை விளக்குவதற்கு மென்பொருளுக்குள் ஒரு வரிகூட இல்லை என்பதைக் குறையாகவே சொல்ல வேண்டும்.

பேக்ரவுண்ட் வழியில், எல்லா டிராக்குகளுக்கும் மேலே வைக்கும் ஒரு படத்திலோ வண்ணத் தளத்திலோ எஃபெக்டைப் போடுகிறோம். அது புகைப்படச் சட்டத்துக்குள் வைக்கும் துளை வெட்டிய அட்டையைப் போலச் செயல்படுகிறது: அட்டை மேலே இருக்கிறது, துளைகளின் வழியே கீழே ஓடும் காட்சிகள் தெரிகின்றன. எத்தனை பத்தி, எத்தனை வரிசை, ஓரங்களில் எவ்வளவு இடம், கட்டங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் ஒரே இடத்தில் மாற்றலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் துளைக்கு நேராகக் கீழேயுள்ள கிளிப்பைக் கொண்டுவந்து நிறுத்துவது நம் பொறுப்பாகவே இருக்கிறது. முன்னர் சொன்ன ஜூம் கணக்கு இங்கே மறுபடியும் தேவைப்படும். அதைவிடத் தொல்லையானது, ஒரு கிளிப்பில் முகம் சிறிதாக இருக்கிறதே என்று சற்றுப் பெரிதாக்கினால், அதன் ஓரம் நீண்டு பக்கத்துத் துளைக்குள்ளும் தலைகாட்டத் தொடங்கும். அந்த ஓரத்தை வெட்டி (கிராப் செய்து) அடக்க வேண்டும். எனவே எல்லோரும் ஒரே தூரத்தில், ஒரே மாதிரி அமர்ந்து எடுத்த பதிவுகளாக இருந்தால் மட்டுமே இவ்வழியைத் தேர்ந்தெடுக்கிறேன்.

டைல் வழி இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு கிளிப்பிலும் எஃபெக்ட் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கிளிப்பைத் தனக்குரிய கட்டத்துக்குள் சுருக்கி வைத்துவிடுகிறது. கட்டத்துக்குள்ளேயே படத்தை நகர்த்தலாம், பெரிதாக்கலாம்; என்ன செய்தாலும் கட்டத்தின் எல்லையைத் தாண்டி வெளியே வராது. பின்னணிக்கு மிகக் கீழே உள்ள டிராக்கில் எந்தப் படத்தையும் வைத்துக்கொள்ளலாம். கட்டங்கள் ஒவ்வொன்றாக ஓரத்திலிருந்து வந்து அமர்வது, முடிவில் சுருங்கி மறைவது போன்ற அசைவுகளையும் கீஃப்ரேம் போடாமலே, அதாவது ஒவ்வொரு நிலையையும் கையால் குறிக்காமலே, இதில் அமைக்க முடியும். அசைவுகளைப் பொறுத்தவரை எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: பாட்டோ நாட்டியமோ ஓடும் கொலாஜில் கட்டங்கள் பறந்து வருவதும் சுழல்வதும் பார்ப்பவரின் கவனத்தைக் கலைஞரிடமிருந்து பிடுங்கிவிடும். வாழ்த்து வீடியோக்களில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம்.

டைல் வழியை ஒரு கச்சேரிக் கொலாஜை வைத்து நெருக்கமாகப் பார்ப்போம். குரல், வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, தம்புரா என்று ஆறு பதிவுகள் இருக்கின்றன. ஆறுக்கு மூன்று பத்தி, இரண்டு வரிசை என்று போடுவதே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அப்படிப் போட்டால் ஒவ்வொரு கட்டமும் 640க்கு 540 என்று ஏறக்குறையச் சதுரமாகி, அகலத்தில் எடுத்த பதிவின் இருபக்கமும் வெட்டுப்படும். வயலினின் வில் கட்டத்துக்கு வெளியே போய்விடும். மூன்று பத்தி, மூன்று வரிசை என்று ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, இடப்பக்க மேல்மூலையில் உள்ள நான்கு கட்டங்களின் இடத்தைப் பாடகருக்கு ஒரே பெரிய கட்டமாகக் கொடுத்துவிட்டால், எஞ்சிய ஐந்து கட்டங்கள் ஐந்து பக்கவாத்தியக்காரர்களுக்குச் சரியாக அமைந்துவிடுகின்றன. பெரிய கட்டம் 1280க்கு 720, சிறியவை ஒவ்வொன்றும் 640க்கு 360; ஆறுமே பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதத்தில் இருப்பதால் எவருடைய பதிவிலும் எதுவும் வெட்டுப்படுவதில்லை. கட்டங்களை நிர்வகிக்கும் பகுதியில் தேவையற்றவற்றை அணைத்துவிட்டு ஒன்றை நீட்டிக்கொள்ள வழியிருக்கிறது. ஓரத்துக்கும் இடைவெளிக்கும் சிறிது இடம் விட்டால் இந்த அளவுகள் கொஞ்சம் சுருங்கும். அதனால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு ஏதுமில்லை.

இங்கே டைம்லைனின் அளவு குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கைபேசியில் 1920க்கு 1080 அளவில் எடுத்த பதிவுகளாகவே இருந்தாலும், டைம்லைனை 3840க்கு 2160 என்று வைத்துக்கொள்வதையே பரிந்துரைக்கிறேன். அப்போது இரண்டுக்கு இரண்டு கொலாஜில் ஒவ்வொரு கட்டமும் மிகச் சரியாக 1920க்கு 1080 ஆக அமைவதால், மூலப் பதிவின் ஒரு பிக்சல்கூட வீணாகாது. இலவசப் பதிப்பின் ஏற்றுமதி எல்லையும் சரியாக அந்த 3840க்கு 2160தான், நொடிக்கு 60 ஃப்ரேம் (தனிப்படம்) வரை. கொலாஜ் செய்பவருக்கு அதற்குமேல் தேவைப்படுவது அரிது.

டைல் வழியின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. முதல் கிளிப்பில் எல்லா அளவுகளையும் முடிவு செய்து, அதை நகலெடுத்து, மற்றக் கிளிப்புகளைத் தேர்ந்து, ஆல்ட் விசையுடன் ‘வி’ விசையை அழுத்திப் பண்புகளை மட்டும் ஒட்டிய பின், ஒவ்வொரு கிளிப்புக்கும் அதற்குரிய கட்டத்தின் எண்ணைத் தேர்வு செய்ய வேண்டும். இதுவரை சுகமாகவே போகும். பிறகு, “இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்களேன்” என்று வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், எல்லாக் கிளிப்புகளிலும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருக்கும். மறுபடியும் பண்புகளை ஒட்டினாலோ, தேர்வு செய்து வைத்த கட்ட எண்களும் அழிந்து எல்லோரும் முதல் கட்டத்திலேயே குவிந்துவிடுவார்கள். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும் தலைமை அமைப்பு ஒன்று இதில் இல்லாதது பெரிய குறை. இடைவெளியின் அளவு பிக்சலில் இல்லாமல் தசம எண்ணில் இருப்பதால், வேறொரு மென்பொருளில் வரைந்த சட்டத்தோடு பொருத்திப் பார்ப்பதும் கண் மதிப்பில்தான் நடக்கிறது. அமைப்பை ஒரு நிலைப்படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே ஒட்டும் வேலையைத் தொடங்குவது நல்லது.

செங்குத்தாக எடுத்த கைபேசிப் பதிவுகளைப் பலரும் தொல்லையாக நினைக்கிறார்கள். கொலாஜைப் பொறுத்தவரை அவை வரம். 1080 உயரமுள்ள திரையில் ஒன்பதுக்குப் பதினாறு என்ற விகிதத்தில் உள்ள ஒரு செங்குத்துப் பதிவின் அகலம் 607.5 பிக்சல், மூன்றைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் 1822.5 போக, 1920இல் எஞ்சுவது 97.5. இரு ஓரங்களுக்கும் நடுவிலுள்ள இரண்டு இடைவெளிகளுக்குமாக நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 பிக்சல், வேண்டுமென்றே அளந்து விட்டதுபோல அமைந்துவிடுகிறது. இதையே திருப்பி, ரீல்ஸுக்கான 1080க்கு 1920 திரையில் அகலமான மூன்று பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலும் அதே கணக்குதான்.

இனி அந்த முக்கால்பங்கு வேலைக்கு வருகிறேன். ஆறு பேரும் ஒரே கணத்தில் வாசிப்பதுபோல் தோன்ற வேண்டும். ரிசால்வில் தேர்ந்தெடுத்த கிளிப்புகளை ஒலி அலைவடிவத்தை வைத்துத் தானாகவே ஒருங்கமைக்கும் வசதி உண்டு. ஒரே மேடையைப் பல கேமராக்களில் எடுத்திருந்தால் அது வியக்கும்படி வேலை செய்கிறது. காரணம், எல்லாக் கேமராவின் ஒலிவாங்கியிலும் அதே ஒலி பதிவாகியிருக்கிறது. வீட்டிலிருந்து வாசித்து அனுப்பியவர்களின் நிலை அப்படியல்ல. காதில் இயர்போன் வைத்துச் சுருதியையும் தாளத்தையும் கேட்டுக்கொண்டு வாசிப்பதால், மிருதங்கக் கலைஞரின் பதிவில் மிருதங்கம் மட்டும், வயலின் கலைஞரின் பதிவில் வயலின் மட்டுமே இருக்கும். பொதுவான ஒலி எதுவும் இல்லாத இடத்தில் அலைவடிவத்தை வைத்து எதையும் பொருத்த முடியாது. ஆகவே, வாசிக்கத் தொடங்கும் முன் காதில் கேட்கும் தாளத்தோடு சேர்ந்து ஒருமுறை கைதட்டுமாறு எல்லோரிடமும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அந்தக் கைதட்டல், அலைவடிவத்தில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும். ஆறு ஊசிகளையும் நேர்கோட்டில் நிறுத்தினால் வேலை ஏறத்தாழ முடிந்தது. இயர்போன் கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் இயர்போனில் ஒலி தாமதமாகவே காதுக்கு வந்து சேர்வதால், கலைஞர் சரியாக வாசித்தும் பதிவு பின்தங்கியே நிற்கும்.

ஏறத்தாழ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நொடிக்கு 25 ஃப்ரேம் உள்ள டைம்லைனில் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிநொடி. கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் மிருதங்கமும் கடமும் சேர்ந்து விழ வேண்டிய ஓர் அடி 40 மில்லிநொடி தள்ளி விழுந்தால், தாள ஞானம் அதிகம் இல்லாதவருக்கும் அது இரட்டை அடியாகக் கேட்கும். எடிட் பக்கத்தில் ஃப்ரேம் கணக்கில் பொருத்திவிட்டு, பிறகு படத்தையும் ஒலியையும் இணைக்கும் தொடர்பை நீக்கி, ஃபேர்லைட் எனப்படும் ஒலிப் பக்கத்தில் ஒலியை மட்டும் ஒரு ஃப்ரேமுக்கும் குறைவான அளவில் நகர்த்திக்கொள்ளலாம். எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே இவ்வளவு நுட்பமான ஒலிப் பக்கம் இலவசமாகக் கிடைப்பதுதான், கொலாஜுக்கு நான் ரிசால்வைத் தேர்ந்தெடுப்பதன் முதற்காரணம். கட்டம் போடும் எஃபெக்ட் அதற்கு அடுத்ததுதான்.

கைபேசிப் பதிவுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. பல கைபேசிகள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்ற எண்ணிக்கையை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் அதுவும் குறையும். தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய பதிவு, பாட்டின் முடிவுக்கு வரும்போது உதடும் குரலும் ஒட்டாமல் விலகி நிற்பது இதனால்தான். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் எல்லாப் பதிவுகளையும் நிலையான ஃப்ரேம் எண்ணிக்கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வருவது உத்தமம். ரிசால்வில் பதிவுகளைச் சேர்த்து வேலையைத் தொடங்கிய பிறகு திட்டத்தின் ஃப்ரேம் எண்ணிக்கையை மாற்ற விடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருவர் டியூப்லைட்டின் கீழும், இன்னொருவர் மஞ்சள் விளக்கின் கீழும், மூன்றாமவர் ஜன்னலோரத்திலும் எடுத்திருப்பார்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத வேறுபாடு, கட்டங்களில் அருகருகே நிற்கும்போது உடனே கண்ணை உறுத்தும். நிறத்திருத்தமே இம்மென்பொருளின் பூர்வீகத் தொழில் என்பதால், வெள்ளைச் சமநிலையையும் வெளிச்சத்தையும் சரிசெய்ய இதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

பெயர்களைத் தமிழில் எழுதும்போது சற்றுக் கவனம் தேவை. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் உரிய இடத்தில் விழுகின்றனவா என்று ஓரிரு பெயர்களை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எல்லாக் கட்டங்களுக்கும் போக வேண்டும். கோளாறு தெரிந்தால், வேறொரு மென்பொருளில் எழுதிப் பின்புலமில்லாத படமாகச் சேமித்து மேலே வைப்பதே பாதுகாப்பு. கல்யாண வீடியோக் கடைகளில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவை விடாமல் வைத்திருப்பதற்கும் இதுபோன்ற அனுபவங்களே காரணம். அது யூனிகோடு அல்லாத பழைய முறை எழுத்துரு என்றாலும், அதே எழுத்துருவைத் தேர்ந்துகொண்டால் கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை.

கணினியைப் பொறுத்தவரை ரிசால்வ் இரக்கமற்றது. ஆறு பதிவுகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒவ்வொரு கணமும் ஆறு படங்களை விரித்துச் சுருக்கி அடுக்க வேண்டியிருக்கிறது. 16 ஜிபி நினைவகமும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் இல்லாத மடிக்கணினியில் படம் தத்தித் தத்தித்தான் நகரும். பதிவுகளுக்குப் பிராக்ஸி எனப்படும் இலகுவான நகல்களை உருவாக்கிக்கொள்வதும், பிளேபேக் பட்டியலில் ரெண்டர் கேஷை (காட்சியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமிக்கும் வசதியை) இயக்கி வைப்பதும் நிலைமையைப் பெருமளவு மாற்றும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு தடை: அங்கே இலவசப் பதிப்பு, கைபேசிகள் சாதாரணமாகப் பதிவு செய்யும் எச்.264 என்னும் வடிவக் கோப்புகளைத் திறக்காது. அவர்கள் கோப்புகளை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கேடென்லைவ் போன்ற கட்டற்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டை வைத்துக் கையாலேயே கட்டம் போட வேண்டும்.

மற்ற மென்பொருள்களோடு ஒப்பிட்டால், ஃபில்மோராவில் ஆயத்த ஸ்பிளிட் ஸ்கிரீன் வடிவங்கள் நிறைய உண்டு. இழுத்துப் போட்டாலே போதும் என்பதால், நாளைக் காலையே வேண்டும் என்று கேட்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கு அதுவே விரைவானது. ஆனால் பணம் கட்டாமல் ஏற்றுமதி செய்தால் அதன் முத்திரை படத்தின்மேல் விழும். கைபேசியில் கைன்மாஸ்டரின் நிலையும் அதேதான். அடோபியின் பிரீமியர் புரோவுக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரிசால்வின் இலவசப் பதிப்பிலோ, கட்டணப் பதிப்புக்கு மட்டும் உரிய எஃபெக்ட் எதையாவது போட்டால் தவிர முத்திரை விழுவதில்லை. வீடியோ கொலாஜ் அந்தக் கட்டணப் பட்டியலில் இல்லை.

ஸ்டூடியோ என்னும் கட்டணப் பதிப்பு 295 டாலர், ஒருமுறை வாங்கினால் போதும். கொலாஜுக்காக மட்டும் அதை வாங்குவதில் பொருளில்லை. வீட்டில் பதிவு செய்த குரலோடு மின்விசிறிச் சத்தமும் தெரு வண்டிச் சத்தமும் கலந்து வருவது வாடிக்கையாகி, அதைப் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசொலேஷன் அடிக்கடி தேவைப்படுபவர்கள் யோசிக்கலாம். ஆனால் அது பேச்சுக்கு என்று உருவான கருவி. வயலினையோ கடத்தையோ அதன் கையில் கொடுத்தால், நாதத்தையும் சத்தம் என்று நினைத்து வழித்துவிடும். வாத்தியக்காரர்களிடம் மின்விசிறியை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்வதே மலிவு.